மறு: பென்சார் – பியென்சோ: 'அடித்திரிபு வினை' எனலாமா?

வணக்கம் ஐயா,

> பென்சார், பொதேர் போன்றவற்றை 'ஒழுங்கிலா வினை' என்றே போட்டுவிடலாம். தனிச்சொல் தேவையில்லை.

நம் ஸ்பானிய மொழிக் கையேட்டு வரைவில், இந்த ஸ்பானிய வினைகளுக்குப் பெயரிடும் இந்த ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஸ்பானிய நிகழ்காலத்தில் உண்மையிலேயே ஒழுங்கில்லாத வினைகள் இருக்கின்றன. சேர் (இரு) என்பது சோய், ஏரெஸ், எஸ் என்று போகிறது. ஈர் (போ) என்பதற்குத் தன்மை ஒருமை 'போய்'. தமிழ்ப் பிள்ளைகள் அதை ஒருமுறை கேட்டால் மறப்பதில்லை! 'ஒழுங்கிலா' என்ற பெயரை இவற்றுக்கு வைத்துக்கொள்வோம்.

பென்சார் (நினை) அப்படிப்பட்டதல்ல. பியென்சோ, பியென்சாஸ், பியென்சா, பென்சாமோஸ், பென்சாயிஸ், பியென்சான். விகுதிகளெல்லாம் ஆப்லார் (பேசு) எடுக்கும் அதே விகுதிகள்தான். அடியில் உள்ள எகரம் மட்டும் நான்கு இடங்களில் 'இயெ' ஆகிறது. அந்த நான்கிலும் சொல்லழுத்தம் அடியின் மேல் விழுகிறது. பென்சாமோஸ், பென்சாயிஸ் இரண்டிலும் அழுத்தம் விகுதிக்குப் போய்விடுவதால் எகரம் அப்படியே நிற்கிறது. அர்ஜென்டினாவில் 'நீ' என்பதற்கு 'தூ' சொல்லாமல் 'வோஸ்' என்பார்கள். அந்த வடிவத்தில் அழுத்தம் கடைசி அசையில் என்பதால், அவர்கள் வாயில் அது 'வோஸ் பென்சாஸ்'. 'இயெ' வரவே இல்லை. பெயர்ச்சொல்லிலும் இதே கதைதான்: லத்தீன் போர்தா ஸ்பானியத்தில் புவெர்தா (கதவு) ஆனது, வாயில்காப்பவரோ அழுத்தம் தள்ளிப்போனதால் இன்றும் போர்தேரோ. இவ்வளவு ஒழுங்காக நடப்பதை ஒழுங்கிலா வினை என்று சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் எந்த வினை திரியும் என்பதைப் பார்த்தவுடன் சொல்ல முடியாது. பொதேர் (இயலு) புவேதோ ஆகும். கொமேர் (சாப்பிடு) வெறும் கோமோதான். அகராதியில் குறித்துக் காட்டத்தான் நமக்கு ஒரு சொல் வேண்டியிருக்கிறது.

முதலில் 'விகார வினை' என்று யோசித்தேன். 'வந்தான்' என்பதைப் பிரிக்கும்போது 'வா, வ எனக் குறுகியது விகாரம்' என்று பள்ளியில் எழுதியவர்கள்தானே நாம். ஆனால் பேச்சில் விகாரம் என்றால் அவலட்சணம், விட்டுவிட்டேன். 'திரிவினை' அழகாக இருக்கிறது, திரிசொல்லோடு குழம்பும். 'வேர்மாறு வினை' என்று சகோதரி ஒருவர் எழுதியிருந்தார். மாறுவது வேர் அல்ல, அதிலுள்ள ஓர் உயிர். நன்னூல் தோன்றல், திரிதல், கெடுதல் என்று பிரித்துத் தந்திருக்கிறது. இங்கே நடப்பது திரிதல். 'இயெ' போல இரண்டு உயிர் சேர்வதை வைத்து 'ஈருயிர் வினை' என்றால் பெதீர் (வேண்டிக் கேள்) வெளியே நின்றுவிடும், அதில் எகரம் வெறும் இகரமாகி 'பீதோ' என வருகிறது.

'பகுதித்திரிபு' என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தமிழில் பகுதி தனியே நின்று ஏவலாகும்: செய், நட, வா. 'பென்ஸ்' தனியே நிற்காது. வினையடி என்ற சொல் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆகவே அடித்திரிபு வினை.

பதிவு இப்படி இருக்கலாம்: பென்சார், அ.தி. (எ–இயெ), பொதேர், அ.தி. (ஒ–உவே); பெதீர், அ.தி. (எ–இ). ஹுகார் (விளையாடு) ஹுவேகோ என்று உகரத்தில் திரிகிறது, அதற்கும் இதே குறி போதும்.

அப்புறம், 'அ.தி.' என்ற சுருக்கத்தை வேறு எதற்காவது ஏற்கெனவே ஒதுக்கியிருக்கிறோமா? வரைவு உங்களிடம் இருப்பதால் பார்த்துச் சொல்லுங்கள் ஐயா.