மழை பெஞ்சாலே கீழ் ரூம்ல தண்ணி, வெளிய வாட்டம் சரி பண்ணா நிக்குமா?

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல பேஸ்மென்ட் இருக்கு, அஸ்திவார மட்டத்த சொல்லல, தரைக்கு கீழ எட்டடி ஆழத்துல இருக்கற ரூம். மழை ஒரு மணி நேரம் அடிச்சு பெஞ்சா போதும், பின்பக்க சுவரும் தரையும் சேர்ற இடத்துல கசிய ஆரம்பிச்சு காலைல கணுக்கால் அளவு நிக்குது. சுவரெல்லாம் உப்பு பூத்து பெயிண்ட் உரியுது. போன வருஷம் உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பூச்சு ரெண்டு கோட் அடிச்சோம், ஒரு மழைக்காலம் கூட தாங்கல. இப்ப ஒருத்தர் வந்து பாத்துட்டு உள்தரைய உடைச்சு பைப் போட்டு பம்ப் வைக்கணும்ங்கறார், இன்னொருத்தர் வெளிய மண்ணடிச்சு மேடாக்குனா போதும்ங்கறார். அப்பா சேத்து வச்ச புத்தகம் பாதி ஊறிப் போச்சு, மீதிய மேல தூக்கிட்டு வந்துட்டேன். எதுல இருந்து ஆரம்பிக்கறதுன்னு சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1:
உள்ள எதையும் உடைக்காதீங்க, முதல்ல அடுத்த மழைக்கு குடைய புடிச்சுட்டு வெளிய போய் வீட்ட ஒரு சுத்து சுத்தி வாங்க. மாடித் தண்ணி இறங்கற பைப் எங்க முடியுதுன்னு பாருங்க. நூறு சதுர மீட்டர் கூரைல 25 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 2500 லிட்டர், அத்தனையும் ரெண்டு மூணு பைப் வழியா சுவர் ஓரத்துலயே கொட்டுனா அது எங்க போகும் சொல்லுங்க? வீடு கட்டறப்ப தோண்டுன பள்ளத்த மூடுன மண்ணு வருஷக்கணக்குல அமுங்கி சுவர சுத்தி ஒரு கிண்ணம் மாதிரி ஆகியிருக்கும், தண்ணி அதுலயேதான் தேங்கும். பைப்ப சுவர விட்டு ஆறு முதல் பத்தடி தள்ளி கொண்டு போய் விடுங்க, அப்புறம் மண்ண சரி பண்ணுங்க, சுவர்ல இருந்து பத்தடிக்கு ஆறு அங்குலம் இறங்கற மாதிரி வாட்டம் வேணும். டியூப் லெவல், அதான் தண்ணி நிரப்பி மட்டம் பாக்கற டியூப், அத வச்சு பாருங்க, கண்ணால பாத்து நம்பாதீங்க. மணல் போடாதீங்க, தண்ணி நேரா கீழ இறங்கிடும், களி கலந்த மண்ண கொஞ்சம் கொஞ்சமா போட்டு நல்லா திமிசு போடணும். ஒண்ணு மட்டும் கவனம், மண்ணு, சுவர்ல ஈரம் மேல ஏறாம இருக்க குறுக்கால போட்ட ஈரத் தடுப்பு அடுக்கோட மட்டத்துக்கு மேல ஏறிடக் கூடாது, அரை அடியாவது கீழயே நிக்கணும், இல்லன்னா ஓதம் மேல் வீட்டுக்கும் ஏறிடும்.

பதில் 2:
மேல சொன்னவர் சொன்னது சரி, ஆனா உங்க பின்பக்கம் நிலமே வீட்ட நோக்கி சரிஞ்சு வந்தா இது பத்தாதுங்க. அப்ப சுவர விட்டு தள்ளி குறுக்கால ஒரு வாய்க்கால் வெட்டி மேட்டுத் தண்ணிய பக்கவாட்டுல திருப்பி விடணும். அதுக்கு இடம் இல்லன்னா ஓட்டை போட்ட பைப்ப பள்ளத்துல பதிச்சு சுத்தி ஜல்லி போடற முறை. பள்ளத்துக்குள்ள வடிகட்டுற துணிய விரிச்சு, ஜல்லிய போட்டு, பைப்ப ஓட்டை கீழ பாக்கற மாதிரி வச்சு, மறுபடி ஜல்லி போட்டு துணிய மேல மடிச்சு மூடணும். ஓட்டைய மேல பாக்க வச்சுட்டா தண்ணி பைப்புக்குள்ள வர்றதுக்கே மட்டம் ஏறி நிக்கணும், நிறைய பேர் பண்ற தப்பு இது. நூறடிக்கு ஒரு அடியாவது இறக்கம் வேணும். அஸ்திவாரத்துக்கு ஒட்டி அதவிட ஆழமா மட்டும் தோண்டிடாதீங்க, அடி மண்ணு நகர்ந்தா வீட்டுக்கே ஆபத்து. கரண்ட் வயர், கேஸ் லைன் எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்காம கடப்பாரைய போடாதீங்க. கடைசில அந்த தண்ணி பக்கத்து வீட்டுக்குள்ள போகக் கூடாது, அது ரொம்ப முக்கியம்.

பதில் 3:
உள்பக்க பூச்சு ஏன் நிக்கலன்னு யாரும் சொல்லலையே. வெளிய மண்ணுல ஒரு மீட்டர் உயரத்துக்கு தண்ணி தேங்குனா அடில ஒரு சதுர மீட்டர் சுவர்ல ஒரு டன் அழுத்தம் வரும், அது பூச்ச பின்னாடி இருந்து தள்ளுது. எந்த பெயிண்டும் அத தாங்காதுங்க. ஆனா பம்ப் வேணும்னு சொன்னவர ஒரேடியா தள்ளிடாதீங்க. மழை பெய்யறப்பவே தண்ணி வந்தா அது மேல் தண்ணி, வெளிவேலைல நிக்கும். மழை விட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு தரை நடுவுலயும் ஊறுதுன்னா நிலத்தடி நீர் மட்டம் ஏறுது, அப்ப வாட்டம் எவ்வளவு கொடுத்தாலும் பம்ப் வைக்காம முடியாது.

கேள்வி கேட்டவர்:
நேத்து ராத்திரி மழைல டார்ச் எடுத்துட்டு போய் பாத்தேன். பின்பக்க பைப் சுவர்ல இருந்து ஒரு அடில முடியுது, அதுக்கு கீழ இருக்கற சிமெண்ட் தளமும் சுவர் பக்கமே சாஞ்சிருக்கு, தண்ணி அந்த இடுக்குல அப்படியே உள்ள போகுது. இத்தன வருஷமா இத ஒரு தடவ கூட நின்னு பாக்கல. மழை ஆரம்பிச்சு முக்கா மணி நேரத்துல கீழ கசிஞ்சிடுச்சு, நடுத்தரை காஞ்சுதான் இருக்கு. தளத்த உடைக்கணுமா இல்ல இடுக்க மட்டும் அடைச்சா போதுமா?

பதில் 1:
இடுக்க அடைச்சா இந்த மழைக்கு தாங்கும், ஆனா தளம் இன்னும் அமுங்கும்ங்க. மழைக்காலம் முடிஞ்சதும் உடைச்சு மண்ண இறுக்கி வெளிப்பக்கம் வாட்டம் வச்சு புதுசா போடுங்க. பைப்புக்கு மட்டும் காத்திருக்காதீங்க, பத்தடி பைப்பும் ஒரு எல்போவும் வாங்கி நாளைக்கே நீட்டி விடுங்க. ரெண்டு மழை பாத்துட்டு சொல்லுங்க, புத்தகம் இப்போதைக்கு மேலயே இருக்கட்டும்.