பழவேற்காடு ஏரி மெஷ்: முக்கோணங்கள் ரோட்டை வெட்டிட்டுப் போகுது, உதவுங்க

ஆரம்பாக்கம்_மாணவி:
அவசரம். நாளன்னைக்கு கைடு கிட்ட காட்டணும். தண்ணி ஓட்டத்தைக் கணக்குப் போட ஏரியைச் சின்னச் சின்ன முக்கோணமாப் பிரிச்சு மெஷ் போட்டா கரை சரியா வருது. ஆனா நடுவுல சூலூர்ப்பேட்டை–ஸ்ரீஹரிகோட்டா ரோடு இருக்கே, அதுக்கு வரைஞ்ச கோட்டை மெஷ் கண்டுக்கவே இல்லை. கணக்கை ஓட விட்டா தண்ணி ரோட்டைத் தாண்டிப் போகுது. நேத்து முழுக்க உட்கார்ந்தும் புரியலை.

தடாக்காரன்:
எந்த மென்பொருள்மா? ஜிமெஷ்ஷா, டிரையாங்கிளா? ஃபைலைப் போடு.

உப்பளம்:
மெஷ் சைஸைக் குறைங்க. எனக்கு எப்பவும் அதுலதான் சரியாகும்.

தடாக்காரன்:
குறைச்சா சின்ன முக்கோணம் வெட்டும். வெட்டுறது நிக்காது.

கணக்குவாத்தியார்:
அடிப்படையைப் படிச்சுட்டுக் கேட்கணும். புள்ளிகளை முக்கோணமா இணைக்கிற சாதா டெலானே முறை புள்ளிகளை மட்டும்தான் பார்க்கும். கோடு விளிம்பா நிக்கணும்னா கட்டுப்பாட்டு டெலானே வேணும். உள்ளிடும் கோடுகள் கூர்மையாச் சந்திக்காட்டி 20.7 டிகிரிக்குக் குறைஞ்ச கோணமே வராம மெஷ் போட முடியும்னு ரப்பர்ட்ங்கிற ஆய்வாளர் 1995லயே நிரூபிச்சுட்டார். இப்போ யார் படிக்கிறீங்க?

ஆரம்பாக்கம்_மாணவி:
ஜிமெஷ் சார். சொல்ல மறந்துட்டேன்.

கும்மிடிப்பூண்டி_சிவில்:
வாத்தியாரே, முதல்ல பொண்ணுக்கு வழி சொல்லுவோம். கோடு வரைஞ்சா மட்டும் போதாதும்மா. அது இந்தப் பரப்புக்குள்ள இருக்குன்னு 'லைன் இன் சர்ஃபேஸ்' வரி போட்டியா? ரோடு கரையைத் தொடுற இடத்துல ரெண்டுக்கும் ஒரே புள்ளியா? அரை மீட்டர் தள்ளி இருந்தாலும் அங்க ஊசி முக்கோணமா குவியும். ஃபைல்ல இடங்கள் அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில இருந்தா மீட்டர்ல அளக்கிற யூடிஎம் 44 மண்டலத்துக்கு மாத்திடு. டிகிரியில சைஸ் 50ன்னு கொடுத்தா ஏரியை விடப் பெருசு.

உப்பளம்:
கரையை எந்த மாசப் படத்துல எடுத்தீங்க? வடக்குப் பக்கம் கோடையில காஞ்சு கிடக்கும்.

கணக்குவாத்தியார்:
அது மெஷ் வேலை இல்லை. தண்ணி அதிகமா பரவுற எல்லையை வெளிக்கரையா வெச்சா, நனையுறதும் காயுறதும் தண்ணி ஓட்டத்தைக் கணக்குப் போடுற சால்வர் பாடு.

உப்பளம்:
எங்க அப்பா அந்த ஏரியில வலை போட்டவர் சார். முகத்துவாரமே மண் மூடும், திறக்கும். எந்தக் கரையை எல்லைன்னு வைப்பீங்க?

தடாக்காரன்:
அதுக்குத் தனி இழை போடுங்க. தங்கச்சி, ஒண்ணு கவனி. கோட்டைப் பதிச்சா முக்கோணம் ரோட்டை ஒட்டி நிக்கும், தண்ணி நிக்காது. ரோட்டோட ரெண்டு ஓரத்தையும் கோடாப் போட்டு, அதுல வர்ற நோடுகளுக்கு, அதாவது முக்கோண முனைகளுக்கு, ரோட்டு உயரம் கொடு. இல்லாட்டி ரோட்டையே துளையா வெட்டு. மதகு இருக்கிற இடத்துல மட்டும் வழி விடு.

ஆரம்பாக்கம்_மாணவி:
அந்த வரியே இல்லை. ரோட்டு முனையும் கரையோட சேரலை, ஒட்டினேன். வெட்டுறது நின்னுடுச்சு. உயரம் இனிமேதான். நன்றி அண்ணா.

கும்மிடிப்பூண்டி_சிவில்:
உயரம் கொடுத்து ஓட்டிட்டு தண்ணி நின்னுச்சான்னு எழுதும்மா.