மறுமொழி: சைபோர்க் = பொறியுடலி?

அனைவருக்கும் வணக்கம்.

சைபோர்க் (cyborg), அதாவது எந்திரம் கலந்த உடல் கொண்ட உயிரி. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது. இந்தச் சொல் எனக்கு அவசரமாகத் தேவைப்பட்டது, ஜப்பானிய இயக்குநர் தக்காஷி மீகே 1997இல் நேராக வீடியோ சந்தைக்கென்று எடுத்த 'ஃபுல் மெட்டல் யாகூசா' படத்துக்கு அறிமுகம் எழுத உட்கார்ந்தபோது. அதன் நாயகன் கென்சுகே ஹகானே, யாகூசா என்னும் ஜப்பானியக் குற்றக் கும்பலில் ஒரு சில்லறை அடியாள், பயந்தாங்கொள்ளி. அவனும் அவன் தெய்வமாக மதிக்கும் தலைவரும் கொல்லப்படுகிறார்கள். ஒரு விஞ்ஞானி இருவரையும் சேர்த்து ஒரே ஆளாக எழுப்புகிறார். மனம் ஹகானேவுடையது, இதயம் தலைவருடையது, மிச்சத்தில் பெரும்பகுதி உலோகம். இவனை 'இயந்திர மனிதன்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தப் பெயர் ரோபோவுக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. ரோபோவுக்குப் பயம் கிடையாது. இவனுக்கோ உடம்பு மாறியும் பழைய மனசு அப்படியே இருக்கிறது. படமே அதைப் பற்றியதுதான்.

இந்தக் கேள்விக்கு முன்பு ஐயா ஒருவர் சொன்ன 'எந்திரக் கலப்பு மனிதன்' பொருளில் சரி. ஆனால் நீளம். அப்புறம், 'மனிதன்' இடிக்கிறது. 1960இல் மான்ஃபிரட் கிளைன்ஸ், நேதன் கிளைன் என்ற இரு ஆய்வாளர்கள் சைபோர்க் என்ற சொல்லை உருவாக்கியபோது காட்டிய உதாரணமே ஓர் எலி! 220 கிராம் எடை. தோலுக்கடியில் பொருத்திய சின்னப் பம்பு, எலி அறியாமலே மருந்தை மெல்ல மெல்லச் செலுத்திக்கொண்டிருக்கும். ஜப்பானியர்கள் 'காமென் ரைடர்' என்ற தொலைக்காட்சித் தொடரில் சொல்லும் 'கைசோ நிங்கென்', அதாவது மாற்றியமைத்த மனிதன், அழகான சொல்தான். அதிலும் எலிக்கு இடமில்லை.

சைபர் என்றதும் இணையத்தை நினைத்து 'இணைய மனிதன்' என்பது வேண்டவே வேண்டாம். இங்கே வரும் சைபர், கணிதவியலாளர் நோர்பர்ட் வீனரின் சைபர்நெட்டிக்ஸிலிருந்து, அதாவது உயிர்களிலும் எந்திரங்களிலும் கட்டுப்பாடு நடக்கும் விதத்தை ஆராயும் துறையிலிருந்து வந்தது. அவர் நூல் 1948இல் வந்தது, இணையமே இல்லாத காலம்.

என் பரிந்துரை: பொறியுடலி. நத்தை போன்ற உயிர்களைக் குறிக்கும் 'மெல்லுடலி' பாடநூலில் ஏற்கெனவே புழங்குகிறது, அதே வார்ப்பு. ஆண், பெண், எலி எல்லாவற்றுக்கும் பொருந்தும். பொறி என்றால் எந்திரம். ஐம்பொறி என்னும்போது கண்ணும் காதும்கூடப் பொறிதான். உலோகமும் உடம்பும் ஒட்டிக்கொள்ளும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை என்றே நினைக்கிறேன். எலிப்பொறி நினைவுக்கு வரும் என்று ஒருவர் தயங்கினார். பொறியாளர், பொறியியல் என்று தினமும் சொல்கிறோம், அங்கே வராத குழப்பம் இங்கேயும் வராது.

'பொறியுயிரி'யையும் யோசித்தேன். உயிர் பெற்ற எந்திரம் என்று தலைகீழாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருப்பதால் விட்டுவிட்டேன்.

மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.