புதுப்பிப்பு: அம்மாவுக்குப் புரோட்டீன் பவுடர் வாங்கலை

அறுபதைத் தாண்டின அம்மாவுக்குப் புரோட்டீன் பவுடர் வாங்கலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன்லா? வாங்கலை. "வீட்ல உளுந்து கெடக்கு, டப்பா எதுக்குல?"ன்னுட்டா.

இப்போ அடிக்கடி உளுந்தஞ்சோறுதான். கருப்பு உளுந்தைத் தொலியோட வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காப்பூ சேர்த்துக் குக்கர்ல குழைய விடுதா. தொட்டுக்க எள்ளுத் தொவையல். 100 கிராம் உளுந்துல சுமார் 24 கிராம் புரதம். புரதம் அமினோ அமிலங்களால ஆனது; அதுல அரிசில குறைவா இருக்க லைசினை உளுந்து குடுக்கும். உளுந்துல குறையுற மெத்தியோனின்ங்கிற இன்னொரு அமினோ அமிலத்தை அரிசியும் எள்ளும் ஈடுகட்டும்.

முன்னாடி கேட்டப்போ கருவாடு குடுக்கச் சொன்னவங்களுக்கு: அம்மாவுக்குப் பிரஷர், அவ்வளவு உப்பு ஆகாது. பச்சைச் சாளை (மத்தி மீன்) கெடைச்சா குழம்பு. கிட்னிக் கோளாறு உள்ளவங்க புரதத்தைக் கூட்டுறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேட்டுக்கோங்க.

முட்டைக்குத்தான் இன்னும் மல்லுக்கட்டு. செவ்வாய், வெள்ளி தொடவே மாட்டா.