டிபிடி விண்ணப்பத்துக்கு எந்த பிசிக்ஸ்?

அமெரிக்காவில் பிசியோதெரபி படிக்க, அதாவது டிபிடி (டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி) பட்டத்துக்கு, பெரும்பாலான கல்லூரிகள் கேட்பது லேபோட சேர்த்து ரெண்டு செமஸ்டர் பிசிக்ஸ். வழக்கமா 4 + 4, மொத்தம் 8 கிரெடிட். அல்ஜீப்ரா, ட்ரிக்னாமெட்ரி வச்சு நடத்துற கோர்ஸே போதும். கால்குலஸ் பிசிக்ஸையும் ஏத்துக்குவாங்க, ஆனா ஜிபிஏ (கிரேடுகளோட சராசரி) கணக்குல அதுக்குன்னு கூடுதல் எடை கிடையாது. கால்குலஸ் கோர்ஸ்ல பி வாங்குறதுக்கு அல்ஜீப்ரா கோர்ஸ்ல ஏ வாங்கிடலாம். கணக்கைத் தொடாம போற 'கான்செப்சுவல்' பிசிக்ஸ் பொதுவா செல்லாது. பயோமெக்கானிக்ஸைக் காட்டி ஈடுகட்டவும் முடியாது.

~

மேலே சொன்னது சரி. ஆனா சிக்கல் அதிகமா வர்ற இடம் லேப். சில கல்லூரிகள்ல வகுப்பு 3 கிரெடிட், லேப் 1 கிரெடிட், ரெண்டுக்கும் தனித்தனி நம்பர். வகுப்புக்கு மட்டும் பதிவு பண்ணிட்டு விட்டுடுவாங்க. விண்ணப்பம் போடும்போதுதான் தெரியவரும். செமஸ்டருக்குப் பதிலா வருஷத்தை இன்னும் சின்ன பருவங்களாப் பிரிக்கிற குவார்ட்டர் முறைன்னா இன்னும் கவனம்: 8 செமஸ்டர் கிரெடிட்டுக்கு 12 குவார்ட்டர் கிரெடிட், அதாவது மூணு குவார்ட்டர். ரெண்டோட நிறுத்தினா பத்தாது.

பாதியில் கல்லூரி மாறாம இருக்கிறது நல்லது. திரவம், வெப்பம், அலை இதெல்லாம் ஒரு இடத்துல முதல் பாகத்துல வரும், இன்னொரு இடத்துல ரெண்டாம் பாகத்துல. மாறினா ஒன்னையே ரெண்டு தடவை படிச்சு, இன்னொன்னைப் படிக்காமலே போயிடுவீங்க. ஆன்லைன் லேப் செல்லுமான்னு ஒவ்வொரு கல்லூரிக்கும் மெயில் போட்டு பதிலை எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க.

~

முதல் செமஸ்டரான பிசிக்ஸ் 1-ல ஆளைக் கவுக்கிறது டார்க் (torque), அதாவது திருப்புவிசை. முன்கை கிடைமட்டம், கையில 5 கிலோ, முழங்கையிலிருந்து 35 செ.மீ. பைசெப்ஸ் ஒட்டுற இடம் 4 செ.மீ. 5 கிலோவோட எடை 49 நியூட்டன், அப்போ பைசெப்ஸ் இழுக்க வேண்டியது 49 × 35 ÷ 4, சுமார் 430 நியூட்டன். முன்கையோட எடையைச் சேர்க்காமலே இவ்வளவு. இதுவரைக்கும் எல்லாரும் போட்டுடுவாங்க. கையை 30 டிகிரி கீழே இறக்கினதும் பழக்கதோஷத்துல சைன் 30 போடுவாங்க. கோணம் கிடைமட்டத்திலிருந்து அளந்தது, அதனால எடைக்கு வேண்டியது காஸ் 30. இதுல தடுமாறுறவங்க ட்ரிக்னாமெட்ரியைத் தேய்ச்சு முடிச்சுட்டு சேருங்க. அஞ்சாறு வாரத்துல ஓட்டுற சம்மர் கோர்ஸ் இவங்களுக்கு ஆகாது.

~

ஒன்னு விட்டுப்போச்சு: சி மைனஸைப் பெரும்பாலும் ஏத்துக்க மாட்டாங்க. திரும்ப எடுத்தாலும், விண்ணப்பங்களை வாங்குற பொதுச் சேவையான பிடிகேஸ் (PTCAS) ரெண்டு கிரேடையும் சேர்த்துத்தான் ஜிபிஏ போடும். பழைய கோர்ஸுக்கு வருஷ வரம்பு வச்சிருக்காங்களான்னும் பார்த்துக்கோங்க.