உதவி: கேம் ஓடும்போது மடிக்கணினியின் கிராபிக்ஸ் அட்டை கொதிக்கிறது

இரணைமடு24
வணக்கம். கேம் ஆரம்பித்துச் சிறிது நேரத்தில் எனது மடிக்கணினி கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகி, விசிறி பலமாக இரைந்து, படம் சிக்கிச் சிக்கி ஓடத் தொடங்குகிறது. வாங்கிய காலத்தில் இப்படி இருக்கவில்லை. டிரைவரைப் புதுப்பித்தும் மாற்றமில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்னர் ஒரு கலியாண வீடியோவையும் இதே கணினியில் முடித்துக் கொடுக்க வேண்டியிருப்பதால், தெரிந்தவர்கள் விரைவாக வழி சொல்லவும்.

நந்திக்கடல்
எந்த அட்டை, எந்த கேம், எத்தனை பாகை, வாங்கி எத்தனை வருடம் என்று ஒன்றையும் நீங்கள் எழுதவில்லையே. கட்டிலில் வைத்து விளையாடுகிறீர்களா, மேசையிலா? கணினியின் அடிப்பக்கத்தால் காற்றை உள்ளிழுக்கும் வகை என்றால் மெத்தை ஒன்றே போதும், மூச்சை அடைத்துவிடும்.

கணினிப்புலவன்
இதே கேள்விக்கு நான் இங்கே பல தடவை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன்னர் தேடிப் பார்க்கும் பழக்கம் இப்போது யாரிடமும் இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன், தம்பி: மூன்று வருடம் கடந்த எந்த மடிக்கணினியிலும் சிப்புக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையில் வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட், சூடாகியும் ஆறியும் விரிந்து சுருங்குவதால் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டிருக்கும். கழற்றித் துடைத்துவிட்டு பிடிஎம்7950 என்னும் தாளை வெட்டிப் போடுங்கள். ஏறத்தாழ 45 பாகையில் இளகி இடைவெளிகளை நிரப்பும் பொருள் அது, சாதாரண பேஸ்ட்டைப் போல எளிதில் வெளித்தள்ளப்படாது. வேறு கதை தேவையில்லை.

மின்கம்பம்
பேஸ்ட்டை மாற்ற முன்னர் உங்கள் வீட்டு மின்சாரத்தைப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் மாலை ஆறு மணிக்குப் பின்னர் எல்லா வீடுகளிலும் மின்விளக்கும் தண்ணீர் மோட்டரும் ஓடத் தொடங்கினால் வோல்ற்றளவு 230இலிருந்து 190 வரைக்கும் இறங்கிவிடுகிறது. வோல்ற்று குறைந்தால் மின்னோட்டம் கூடும், மின்னோட்டம் கூடினால் சூடு கூடும். இது பாடசாலையில் படித்த விடயம்தான். ஒரு நல்ல ஸ்ரெபிலைசர் வாங்கிப் பூட்டுங்கள்.

மல்லாவி_ஆசிரியை
தம்பி, பாகையை மட்டும் எழுதினால் போதாது. அந்தப் பாகையில் அட்டை எத்தனை வாற்று எடுக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மடிக்கணினிகளில் பெரும்பாலான என்விடியா அட்டைகள் 87 பாகையை இலக்காக வைத்து, அதை அண்மிக்கும்போது தமது வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும் விதமாக அமைக்கப்பட்டவை. ஆகையால் வெப்பமானியில் 87 என்று தெரிவது தனியே நோயைச் சொல்லாது. 110 வாற்று எடுத்துக்கொண்டு 87இல் நிற்கும் அட்டை தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, 50 வாற்று மட்டும் எடுத்துக்கொண்டு 87இல் நிற்கும் அட்டையோ தனது வெப்பத்தை வெளியேற்ற வழியில்லாமல் திணறுகிறது. எச்டபிள்யு இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளைத் திறந்து, கேம் சிக்கும் நேரத்தில் அட்டையின் வெப்பநிலை, ஹாட் ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) வெப்பநிலை, வாற்று, கிளாக் வேகம் (சிப் வேலை செய்யும் வேகம்) ஆகிய நான்கையும் குறித்து எழுதுங்கள்.

இரணைமடு24
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். அட்டை ஆர்டிஎக்ஸ் 3060, 6 ஜிபி. புரோசசர் ரைசன் 7 5800எச். 2021இல் கொழும்பில் வாங்கியது. கேம் சைபர்பங்க் 2077. மேசையில்தான் வைத்திருக்கிறேன். 87 பாகை, 52 வாற்று, கிளாக் 1700இலிருந்து 900 மெகாஹெர்ட்ஸ் வரை விழுகிறது. ஹாட் ஸ்பாட் 98.

கணினிப்புலவன்
பார்த்தீர்களா, 52 வாற்று. பேஸ்ட் போய்விட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பற்றாசுக்கோல்
புலவர் ஐயா கோபிக்கக் கூடாது, இந்த எண்களைப் பார்த்தால் எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. வவுனியாவில் இத்தொழிலைச் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பேஸ்ட் பழுதாகி, சிப்பின் ஒரு மூலை காய்ந்துபோயிருந்தால், அந்த மூலை மற்ற இடங்களைவிட அதிகமாகக் கொதிக்கும், ஆகையால் சராசரி வெப்பநிலைக்கும் ஹாட் ஸ்பாட்டுக்கும் இடையிலான வித்தியாசம் இருபதைத் தாண்டிப் போகும். இங்கே வித்தியாசம் 11 பாகைதான், அது இயல்பான அளவு. தம்பியிடம் இன்னொரு கேள்வி: கேம் தொடங்கியவுடன் சில வினாடிகளில் 85க்குப் பாய்கிறதா, அல்லது பத்து, பதினைந்து நிமிடம் எடுத்து மெல்ல ஏறுகிறதா? உடனே பாய்ந்தால் சிப்புக்கும் தகட்டுக்கும் இடையிலே தொடுகை இல்லை என்று அர்த்தம். மெல்ல ஏறினால் வெப்பம் செப்புக் குழாய் வழியாக, விசிறிக் காற்று ஊடே போகும் மெல்லிய தகட்டு வரிசை வரை ஒழுங்காகப் போய்ச் சேருகிறது, அங்கிருந்து காற்றோடு வெளியேற முடியாமல் தேங்குகிறது. பின்பக்கத் துவாரத்தருகில் கையை வைத்துப் பாருங்கள், காற்று பலமாக வருகிறதா?

இரணைமடு24
மெல்லத்தான் ஏறுகிறது. காற்று இடது பக்கத்தில் வருகிறது, வலது பக்கத்தில் ஏறக்குறைய இல்லை. ஆனால் சத்தம் இரண்டு பக்கமும் உண்டு.

மின்கம்பம்
வீட்டு மின்சாரத்தைப் பாருங்கள் என்றேன், வோல்ற்றளவை அளந்தீர்களா? பதில் வரவில்லை.

பற்றாசுக்கோல்
அண்ணா, மடிக்கணினியின் அடப்ரரில் 100 முதல் 240 வோல்ற்று வரை என்று அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே வருவது 190 ஆனாலும் 230 ஆனாலும் அது கணினிக்குக் கொடுப்பது ஏறத்தாழ 20 வோல்ற்று நேரோட்டமே. சுவரில் வோல்ற்று குறைந்தால் அடப்ரர் சற்றுக் கூடுதலான ஓட்டத்தை இழுக்கும், அடப்ரர் கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான். கிராபிக்ஸ் அட்டைக்கு அந்தச் செய்தியே போய்ச் சேராது.

மின்கம்பம்
ஏட்டில் அப்படித்தான் எழுதியிருக்கும். சென்ற வருடம் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி குறைந்த வோல்ற்றில்தான் எரிந்தது. ஸ்ரெபிலைசர் பூட்டிய பின்னர் ஒரு குறையும் இல்லை.

நந்திக்கடல்
குளிர்சாதனப் பெட்டியில் இருப்பது மோட்டர். வோல்ற்று குறைந்தால் மோட்டர் சுழலத் திணறி அதிக ஓட்டத்தை இழுத்து எரியும் என்பது உண்மை. அடப்ரரில் மோட்டர் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

மின்கம்பம்
அப்படியென்றால் இந்தப் பக்கத்துக் கடைகளில் கணினிக்கென்று ஸ்ரெபிலைசர் விற்பது எதற்கு? வன்னியில் இருந்துகொண்டு மின்சாரத்தைக் குறை சொல்லாமல் கணினியைக் குறை சொல்வது எனக்கு விளங்கவில்லை.

மல்லாவி_ஆசிரியை
அலைபாயும் மின்சாரத்தால் அடப்ரரே பழுதாகும் சந்தர்ப்பங்கள் உண்டு, இடிமின்னல் காலத்தில் செருகியைக் கழற்றி வைப்பது எப்போதும் நல்லது, அந்த அளவில் மின்கம்பம் அண்ணா சொல்வதை நான் ஏற்கிறேன். ஆனால் வலது பக்கத் துவாரத்தில் காற்று வராததற்கு மின்சாரம் காரணமாக இருக்க முடியாது. அங்கே சுழலும் விசிறிக்கும் இடது பக்க விசிறிக்கும் ஒரே பலகையிலிருந்துதான் மின் போகிறது. இந்தப் பேச்சை இத்துடன் விட்டுவிட்டு, தம்பியின் விடயத்துக்கு வருவோம்.

பற்றாசுக்கோல்
விசிறி சுழலும் சத்தம் இருக்கிறது, காற்று வரவில்லை என்றால் தகட்டு வரிசையின் உட்பக்கம் அடைபட்டிருக்கிறது. வெளியிலிருந்து ரோச் அடித்துப் பார்த்தால் தெரியாது, ஏனென்றால் தூசி படிவது விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவில். நம் பக்கத்துக் கிரவல் வீதிகளில் சோளகக் காற்று எழுப்பும் செந்தூசியை வருடக்கணக்காக உள்ளிழுத்த கணினிகளைத் திறந்தால், அந்த இடத்தில் தலைமயிரும் நூலும் தூசியும் சேர்ந்து கம்பளித் துண்டைப் போன்ற ஒரு படை ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் உரித்தெடுக்கலாம்.

செய்ய வேண்டியது இதுதான். கணினியை முற்றாக நிறுத்தி, அடப்ரரைக் கழற்றி, அடிமூடியின் திருகாணிகளை எடுங்கள். அவற்றில் நீளமும் குட்டையுமாக இருக்கும், எது எந்தத் துளைக்குரியது என்பதை ஒரு தாளில் கணினியின் வடிவத்தை வரைந்து அதன் மேல் அடுக்கி வையுங்கள். குட்டைத் துளைக்குள் நீளத் திருகாணியை முறுக்கி மேற்பலகையைத் துளைத்துக்கொண்டு வருபவர்களை நான் கண்டிருக்கிறேன். மூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பற்றரியின் இணைப்பைப் பலகையிலிருந்து கழற்றுங்கள். அதன் பின்னர் விசிறிகளை மட்டும் கழற்றுங்கள். பெரும்பாலான மாதிரிகளில் விசிறி தனியாகவும் செப்புக் குழாய்த் தொகுதி தனியாகவும் பூட்டப்பட்டிருப்பதால், பேஸ்ட்டைத் தொடாமலே இதைச் செய்யலாம். படையை உரித்துவிட்டு, காய்ந்த மெல்லிய தூரிகையால் தகடுகளின் போக்கிலேயே துடையுங்கள், குறுக்கே துடைத்தால் அவை வளைந்துவிடும். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் மட்டும் திறக்காதீர்கள்.

முத்தையன்கட்டு
ரயர்க் கடைக் கொம்பிரசரால் வெளியிலிருந்தே அடித்துவிடலாமே? நான் எனது மேசைக் கணினிக்கு அப்படித்தான் செய்தேன். அதற்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது, ஒரே அடியில் பறந்துவிட்டது.

கணினிப்புலவன்
இதை மட்டும் செய்ய வேண்டாம். ரயர்க் கடைத் தொட்டிக்குள் காற்று அமுக்கப்படும்போது நீர் படிந்து சேரும், அது காற்றோடு சேர்ந்து பலகையில் தெறிக்கும். விசிறியைப் பிடிக்காமல் அடித்தால் அது தனக்குரிய வேகத்தைக் கடந்து சுழன்று தாங்கியைக் கெடுக்கும். மேலும் வெளியிலிருந்து உள்நோக்கி அடிக்கும்போது படை கலைந்து விசிறிக்குள்தான் போகும். பற்றாசுக்கோல் சொன்ன முறை சரி, ஆனால் மூடியைத் திறந்தவர் பேஸ்ட்டையும் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம் என்ற கருத்தில் மாற்றமில்லை.

பற்றாசுக்கோல்
பேஸ்ட்டை மாற்றச் செப்புத் தகட்டைக் கழற்ற வேண்டும். நினைவக சிப்புகளின் மேல் உள்ள, வெப்பம் கடத்தும் மென்பட்டைகள் அப்போது கிழிந்தால், அதே தடிப்பில் புதியது இங்கே உடனே கிடைக்காது. தடிப்பு அரை மில்லிமீற்றர் மாறினாலும் செப்புத் தகடு சிப்பின் மேல் சரியாக அமராது. வெள்ளிக்கிழமை வேலை கொடுக்க வேண்டிய ஒருவருக்கு அந்த ஆபத்து தேவையில்லை.

மல்லாவி_ஆசிரியை
திறக்க நேரமில்லை என்றால், அதுவரை வெப்பம் உண்டாவதையே குறைக்கலாம். அட்டை எடுக்கும் வாற்று, கிளாக் வேகத்துக்கும் வோல்ற்றளவின் வர்க்கத்துக்கும் ஏற்ப மாறுவது, ஆகையால் 0.9 வோல்ற்றை 0.8 ஆகக் குறைத்தால் அதே வேகத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு வாற்று மிச்சமாகும். அட்டையின் வேகத்தையும் வோல்ற்றையும் மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்து, கொன்ட்ரோல் விசையுடன் எஃப் விசையை அழுத்தினால் வோல்ற்றுக்கும் வேகத்துக்குமான வளைகோடு வரும். அதில் 800 மில்லிவோல்ற்றுப் புள்ளியை 1550 அல்லது 1600 மெகாஹெர்ட்ஸ் வரை உயர்த்தி, அதற்கு வலது பக்கத்திலுள்ள புள்ளிகள் அனைத்தையும் அதே மட்டத்துக்கு இறக்கிச் சேமியுங்கள். ஒவ்வொரு சிப்பும் ஒரே மாதிரி இருப்பதில்லை, கேம் இடையில் நின்றுபோனால் வேகத்தை இன்னும் சிறிது இறக்க வேண்டும்.

இரண்டாவதாக, என்விடியா கொன்ட்ரோல் பேனலில் அதிகபட்ச பிரேம் வீதத்தை, அதாவது வினாடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கையை, 60 என்று கட்டுங்கள். கட்டாவிட்டால் ஒன்றுமே நடக்காத முகப்புத் திரையைக்கூட அட்டை தன்னால் இயன்ற முழு வேகத்தில் வரைந்துகொண்டிருக்கும். மூன்றாவது, விண்டோஸின் பவர் அமைப்பில் புரோசசரின் உச்ச நிலையை 100இலிருந்து 99 வீதமாக்கினால் அதன் டர்போ (தற்காலிகமாக வேகத்தைக் கூட்டும் வசதி) நின்றுவிடும். இவ்வகை மடிக்கணினிகள் பலவற்றில் புரோசசரும் அட்டையும் செப்புக் குழாய்களைப் பங்கிட்டுக்கொள்வதால், ஒன்று குளிர்ந்தால் மற்றதற்கும் இடம் கிடைக்கும். ஆனால் வீடியோவை எக்ஸ்போர்ட் செய்து கோப்பாக்கும்போது இதை 100க்குத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் வேலை நீளும்.

நந்திக்கடல்
அறையையும் மறக்க வேண்டாம். தகரக் கூரையின் கீழ் பிற்பகல் இரண்டு மணிக்கு 37 பாகை இருக்கும் அறையில் ஓடும் கணினியும், இரவு 28 பாகையில் ஓடும் கணினியும் ஒன்றல்ல, வெளிக்காற்று குறையும் அளவுக்கு ஏறக்குறைய உள்ளேயும் குறையும். வீடியோவை இரவில் ஓடவிடுங்கள். மடிக்கணினிக்குக் கீழே வைக்கும் விசிறித் தட்டான கூலிங் பாட் வாங்கச் செலவழிப்பதற்கு முன்னர், பின்பக்கக் கால்களுக்குக் கீழே இரண்டு சோடா மூடிகளை வைத்துப் பாருங்கள், அடிப்பக்கத்தில் காற்றுக்கு இடைவெளி கிடைத்தாலே சில பாகைகள் இறங்கும். ஈரத் துணியை மட்டும் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.

மின்கம்பம்
இரவில் ஓடவிடலாம், ஆனால் மின்சாரம் நின்றால்? இதற்குத்தான் சொல்கிறேன், ஒரு யூபிஎஸ் ஆவது வேண்டும்.

நந்திக்கடல்
மடிக்கணினிக்குப் பற்றரி இருக்கிறது, அண்ணா.

மின்கம்பம்
பற்றரியில் ஓடும்போது அட்டை அரை வேகத்துக்கும் கீழே இறங்கிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாதா?

நந்திக்கடல்
தெரியும். வேகம் குறைந்தாலும் செய்த வேலை அழியாது என்பதைத்தான் சொல்கிறேன்.

இரணைமடு24
திறந்து பார்த்தேன். வலது பக்கம் முழுவதும் அடைத்துத்தான் இருந்தது. விசிறிகளை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்தேன், பேஸ்ட்டைத் தொடவில்லை. அதே கேம், இப்போது 81 பாகை, 98 வாற்று, சிக்கவில்லை. வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

கணினிப்புலவன்
பேஸ்ட்டைத் தொடவில்லை என்கிறீர்கள். அடுத்த வருடம் இதே இடத்தில் சந்திப்போம்.

மல்லாவி_ஆசிரியை
மகிழ்ச்சி, தம்பி. இந்த 98 வாற்று, ஆஃப்டர்பர்னரில் வளைகோட்டை மாற்றிய பின்னர் வந்த அளவா, மாற்றாமலே வந்ததா? அறையின் வெப்பநிலையையும் சேர்த்து எழுதினால் பின்னர் வாசிப்பவர்களுக்கு ஒப்பிட உதவும்.

முத்தையன்கட்டு
எனக்கும் இதே அட்டைதான், ஆனால் இடது பக்கத்தில் காற்று வரவில்லை. அது புரோசசர் பக்க விசிறியா, அட்டைப் பக்க விசிறியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பற்றாசுக்கோல்
மாதிரிக்கு மாதிரி மாறும். எந்த மாதிரி, எத்தனை பாகை, எத்தனை வாற்று என்பவற்றை முதலில் எழுதுங்கள்.