ஒரே மணல், ஒரே அடர்த்தி: விறைப்பும் ஒன்றுதானா?

மேலூர்க்காரன்:
ஒத்தக்கடையில் வீடு கட்டுகிறேன். பேஸ்மட்டத்துக்கு எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கொட்டி, தண்ணீர் விட்டு இடித்தாகிவிட்டது. நண்பர் ஒருவர் வந்து, “மணல் உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம்” என்கிறார். அடர்த்தி சரியாக இருந்தால் போதாதா? மணல் என்ன செங்கல்லா, வரிசை பார்க்க?

வைகைக்கரை:
அடர்த்தி பாதிக் கதைதான் அண்ணே. ஒரே அளவு உருண்டைகளைக் கொட்டிக் குலுக்கினால் இடத்தில் சுமார் 64 சதவீதம் நிரம்பும். மாட்டுத்தாவணி பழக்கடையில் சாத்துக்குடி அடுக்குவதுபோல் அடுக்கினால் 74. ஆனால் குவியல் மசியுமா மசியாதா என்பதை முடிவு செய்வது, ஒவ்வொரு மணியும் சராசரியாக எத்தனை மணிகளைத் தொடுகிறது என்பதுதான். உராய்வே இல்லாத உருண்டைகளுக்குக் குறைந்தது 6 தொடுகை வேண்டும். அதற்கு மேல் கூடக்கூடத்தான் மணிகள் பக்கவாட்டில் சறுக்குவதை எதிர்க்கும் விறைப்பு ஏறும். உராய்வு இருந்தால் 4 தொடுகையிலேயே குவியல் மசியாமல் நின்றுவிடும். ஆக, ஒரே அடர்த்தியில் இறுகலான குவியலும் உண்டு, தொளதொளப்பும் உண்டு.

மேலூர்க்காரன்:
அதெல்லாம் கணினிக்குள் உருளும் கோலிக்குண்டு தம்பி. எங்கள் ஊர் கிரஷர் ஜல்லி மூலை மூலையாகக் கோத்துக்கொள்ளும். ரோலர் ஓடினால் முடிந்தது வேலை.

தண்டவாளம்:
நான் ரயில் பாதையில் வேலை பார்க்கிறவன். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை மெஷின் வைத்து இடித்துத் திணித்த (பேக்கிங்) அன்று பாதை மட்டமாக இருக்கும், ஆனால் பக்கவாட்டுப் பிடிப்பு குறைந்துவிடும். அதனால்தான் வேகக் கட்டுப்பாடு போடுகிறோம். வண்டி ஓட ஓடத்தான் கல் கல்லோடு சேரும்.

மேலூர்க்காரன்:
கிளறியதால் இளகிவிட்டது. அதாவது அடர்த்தி குறைந்தது. என் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறீர்கள்!

வைகைக்கரை:
அதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். மேலிருந்து இடித்த மணலில் விசை எல்லா மணிகளிலும் சமமாகப் பரவாது. சங்கிலி சங்கிலியாக, பெரும்பாலும் மேல்-கீழாக இறங்கும். அதே திசையில் அழுத்தினால் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் அந்தச் சங்கிலிகள் மடங்கிவிடும். அதே மணல், அதே அடர்த்தி, இரண்டு திசைக்கு இரண்டு விறைப்பு. அடர்த்தி வெறும் ஓர் எண், அதற்கு ஏது திசை?

மேலூர்க்காரன்:
திசை விஷயம் கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் என் பேஸ்மட்டத்தைச் சுற்றிக் கருங்கல் கட்டு இருக்கிறது. பக்கவாட்டில் எங்கே நகரும்?

வைகைக்கரை:
நகராது. சுற்றிலும் அழுத்திப் பிடித்தால் தொடும் இடங்களும் இறுகும், விறைப்பும் கூடும். கட்டு இல்லாத இடம் ஏதாவது உண்டா அண்ணே? வாசல் படிக்கு அடியில்?

மேலூர்க்காரன்:
அங்கே கொட்டியதோடு சரி, இடிக்கவே இல்லை. காலையில் கொத்தனாரைக் கூப்பிடுகிறேன்.